பாட்டுக்கு விலாசம் வேண்டும்

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய இசை ரசிகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பாட்டுக் கேட்பதைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். தொழிலாளர் கூட்டத்தில் போனஸைப் பற்றிப் பேசுவார்கள், பஞ்சப்படியைப் பற்றிப் பேசுவார்கள், கூலி உயர்வைப் பற்றிப் பேசுவார்கள். பாட்டைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். இருக்கிறது. நிறையவே இருக்கிறது.

ராகம், தாளம், சுருதி பற்றி நான் பேசப் போவதில்லை. அது கற்றவர்கள் பேச வேண்டிய விஷயம். ஒரு பாட்டு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு எப்படிப் போகிறது, போகும் வழியில் எது மிஞ்சுகிறது, எது தொலைகிறது என்பதுதான் என் விஷயம்.

நீங்கள் எல்லோருமே பாட்டைப் பகிர்ந்துகொள்கிறவர்கள்தான். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் இருப்பவரிடம் கைபேசியை நீட்டி, "அண்ணே, இதைக் கொஞ்சம் கேளுங்க" என்கிறீர்கள். அவர் கேட்டுவிட்டு, "இதைவிட அந்தக் காலத்து ஆள் பாடினது நல்லா இருக்கும்" என்கிறார். உடனே சண்டை. அந்தச் சண்டையே ஒரு சுகம். ரசிகர்களின் வாழ்க்கை இதுதான்.

இதில் மூன்று காரியங்கள் நடக்கின்றன. பிடித்த பாட்டை அடுத்தவருக்குக் கொடுப்பது ஒன்று. ஒருவர் பாடியதை இன்னொருவர் தம் குரலில் எடுத்துப் பாடுவது இரண்டு. கிடைக்காமல் போன பழைய தட்டைத் தேடி எடுத்து மறுபடி வெளியிடுவது மூன்று. இந்த மூன்றும் நடக்கிற வரையில் பாட்டுக்குச் சாவு இல்லை.

நான் சொல்லப் போகும் உதாரணங்கள் அமெரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்தவை. ஆனால் அவற்றில் வரும் மனிதர்கள் உங்களுக்கு அந்நியர்கள் அல்ல. மில்லில் நூல் நூற்றவர்கள், அடுத்தவன் நிலத்தில் உழைத்தவர்கள், மாடு பார்த்தவர்கள், கிடங்கில் பெட்டி கட்டிய கூலிக்காரர்கள்.

அரக்குத் தட்டும் கம்பெனிக் கணக்கும்

1920-களில் அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தன. ஏழைகளும் இசைத்தட்டு வாங்குவார்கள் என்பதே அது. உடனே ஒலிப்பதிவு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு தென் மாகாணங்களுக்குப் போனார்கள். பண்ணையாட்கள், மில் தொழிலாளர்கள், சுரங்கத் தொழிலாளர்கள் வந்து பாடினார்கள். தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிஷப் பாட்டு. கைக்குச் சிறு தொகையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அந்தத் தட்டு எதனால் ஆனது தெரியுமா? அரக்கினால். மரத்தில் பூச்சி வைக்கும் அரக்கு. உலகச் சந்தைக்குப் போன அரக்கில் பெரும்பகுதி நம் இந்தியாவிலிருந்து போனது. நம் காட்டு ஜனங்கள் சுரண்டி எடுத்த அரக்கின் மீது அமெரிக்கப் பண்ணையாளின் குரல் பதிந்தது. பாடியவருக்கும் இது தெரியாது, அரக்கு எடுத்தவருக்கும் தெரியாது. கம்பெனிக்கு மட்டும் இரண்டு கணக்கும் தெரியும்.

இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. வெள்ளை ஏழை பாடிய தட்டுக்கு ஒரு விலைப்பட்டியல். கறுப்பு ஏழை பாடிய தட்டுக்கு வேறு விலைப்பட்டியல். ஒரே ஊர், ஒரே பருத்திக் காடு, சில சமயம் ஒரே பாட்டு. ஆனால் பட்டியல் இரண்டு. உழைப்பவனைப் பிரித்து வைக்கும் இந்த வித்தையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1929-ல் பொருளாதாரம் சரிந்தது. 1927-ல் அமெரிக்காவில் சுமார் 10 கோடி தட்டுகள் விற்றன என்றால், 1932-ல் விற்றவை சுமார் 60 லட்சம்தான். கம்பெனிகள் என்ன செய்தன? ஏழைகளின் தட்டுகளை நிறுத்தின. அப்புறம் உலக யுத்தம் வந்தது. அரக்குக்குத் தட்டுப்பாடு. பழைய தட்டுகளைக் கொண்டு வாருங்கள், உடைத்து உருக்கலாம் என்றார்கள். ஒரு தலைமுறையின் குரல் எடைக்குப் போயிற்று.

லாபம் வருகிற வரையில்தான் கம்பெனிக்குப் பாட்டு. லாபம் நின்றால் அது வெறும் அரக்கு.

ஓர் ரசிகரின் வேலை

அந்தச் சமயத்தில் ஹாரி ஸ்மித் என்ற இளைஞர் இந்தத் தட்டுகளைப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தார். பணக்காரர் அல்ல, பேராசிரியர் அல்ல. ரசிகர். எடைக்குப் போகவிருந்த தட்டுகளைச் சல்லிசான விலைக்கு வாங்கினார். ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டது. கையில் காசு தீர்ந்தபோது, நியூயார்க்கில் மோசஸ் ஆஷ் என்பவரிடம் அவற்றை விற்கப் போனார்.

மோசஸ் ஆஷ், மரியன் டிஸ்ட்லர் என்ற பெண்மணியுடன் சேர்ந்து 1948-ல் ஃபோக்வேஸ் என்ற சிறிய இசைத்தட்டுக் கம்பெனியைத் தொடங்கியவர். அவர் ஸ்மித்திடம், விற்பது இருக்கட்டும், இவற்றில் சிறந்ததைப் பொறுக்கி ஒரு தொகுப்பாகப் போடலாம் என்றார். 1952-ல் அந்தத் தொகுப்பு வந்தது. பெயர், 'அமெரிக்க நாட்டுப்புற இசைத் தொகுப்பு'. ஆறு நீண்ட இசைத்தட்டுகள். 84 பாடல்கள். எல்லாம் 1926-க்கும் 1933-க்கும் இடையில் வெளிவந்தவை. பழைய கம்பெனிகளிடம் அனுமதி கேட்டுக் காத்திருக்கவில்லை. பெட்டியில் பூட்டி வைத்துப் பயன்படுத்தாமல் போட்டவனிடம் என்ன அனுமதி என்று நினைத்தார்கள் போலும்!

ஸ்மித் செய்த முக்கியமான காரியம் ஒன்று உண்டு. இரண்டு பட்டியலையும் அவர் கிழித்துப் போட்டார். கறுப்பர் பாட்டையும் வெள்ளையர் பாட்டையும் கலந்து அடுக்கினார். பாடியவர் என்ன நிறம் என்று குறிப்பில் எழுதவே இல்லை. கேட்டவர்கள் பாட்டை மட்டும் கேட்டார்கள். ஒரு கறுப்புப் பாடகரை வெள்ளை மலைவாசி என்று வருஷக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. காதுக்கு நிறம் தெரியாது, தோழர்களே!

அந்தத் தொகுப்பில் 'பெக் அண்ட் ஆல்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. கரோலினா டார் ஹீல்ஸ் என்ற குழுவினர் 1928-ல் பாடியது. செருப்புத் தைக்கும் தொழிலாளி ஊசியும் ஆணியும் வைத்துப் பிழைக்கிறான். பெரிய யந்திரம் வருகிறது. அவன் ஒரு ஜோடி முடிப்பதற்குள் அது நூறு ஜோடி தள்ளுகிறது. அவன் கருவிகளைக் கீழே வைக்கிறான். மூன்று நிமிஷப் பாட்டில் யந்திரத் தொழிலின் சரித்திரம் முழுவதும் வந்துவிட்டது. புதிய மெஷின் வரும்போதெல்லாம் ஆள்குறைப்பைக் கண்டவர்கள் நீங்கள். உங்களுக்கு இந்தப் பாட்டு அர்த்தமாகும்.

இந்தத் தொகுப்பு விலை அதிகம். எல்லோராலும் வாங்க முடியவில்லை. ஒருவர் வாங்கினார், பத்துப் பேர் கேட்டார்கள். கேட்டவர்கள் கித்தாரை எடுத்துப் பாடக் கற்றார்கள். பாப் டிலனின் முதல் தொகுப்பு 1962-ல் வந்தது. அதில் அவர் பாடிய, தம் சமாதியைச் சுத்தமாக வைக்கச் சொல்லும் ஒரு பாட்டு, பார்வையற்ற கறுப்புப் பாடகர் பிளைண்ட் லெமன் ஜெபர்சன் பாடியது. ஸ்மித்தின் தொகுப்பில் இருந்தது. 1997-ல் தொகுப்பு முழுவதும் குறுந்தட்டுகளாக மறுபடி வெளிவந்தது. இன்று கைபேசியிலேயே கேட்கலாம்.

தட்டைச் சேர்த்துப் பூட்டி வைப்பவன் ரசிகன் அல்ல. அவன் புதையல் காத்த பூதம். கொடுத்துக் கேட்பவனே ரசிகன்.

பாட்டே விலாசம்

அந்த 84 பாடல்களில் இரண்டு, ஜான் ஹர்ட் என்பவர் பாடியவை. மிசிசிபி மாகாணத்தில் அவலான் என்ற சிற்றூர்க்காரர். கறுப்பர். விவசாயக் கூலி. 1928-ல் ஓகே என்ற கம்பெனி அவரைப் பாட வைத்தது. தட்டுகள் அதிகம் விற்கவில்லை. பொருளாதாரச் சரிவும் வந்தது. கம்பெனி அவரை மறந்தது. அவர் ஊருக்குத் திரும்பினார், வயலுக்குப் போனார். அவ்வளவுதான்.

முப்பத்தைந்து வருஷம் அப்படியே போயிற்று. இதற்கிடையில் நகரங்களில் இளைஞர்கள் அவருடைய பாட்டுகளைக் கேட்டு, விரல் வேலையைப் படிக்க முயன்று, இவர் யார், எந்த ஊர், உயிரோடு இருக்கிறாரா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் தெரியவில்லை.

அவர் பாடிய வேறொரு தட்டின் ஒலிநாடாப் பிரதி ரசிகர்களிடையே கை மாறி வந்தது. 'அவலான் புளூஸ்' என்ற பாட்டு. நியூயார்க்குக்குப் பாட வந்தவர், தம் ஊரை நினைத்து ஏங்கிப் பாடியது. ஊர்ப்பெயர் பாட்டிலேயே இருக்கிறது! ரசிகர்கள் தேசப்படத்தைப் புரட்டினார்கள். புதிய படங்களில் அந்த ஊர் இல்லை. பழைய படம் ஒன்றில் கிடைத்தது. 1963-ல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் நேரே அங்கே போய் விசாரித்தார். ஜான் ஹர்ட் அங்கேயே இருந்தார். எழுபதை எட்டும் வயது. மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற வெள்ளைக்கார இளைஞனைப் பார்த்து, போலீஸ் ஆள் யாரோ தேடி வந்துவிட்டான் என்று முதலில் பயந்தார் என்று சொல்வார்கள். கறுப்புப் பண்ணையாளை வெள்ளைக்காரன் தேடி வந்தால் வேறு என்ன நினைப்பார்?

அந்த ஆண்டே நியூபோர்ட் இசை விழாவில் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் பாடினார். புதிய தட்டுகள் வந்தன. 1966-ல் காலமானார். ஒரு கலைஞனுக்குரிய மரியாதை கடைசி மூன்று வருஷம்தான் கிடைத்தது. அதையாவது யார் கொடுத்தது? கம்பெனி கொடுக்கவில்லை. கை மாறிக் கை மாறி வந்த ஒரு பிரதி கொடுத்தது. பாட்டுக்குள் ஓர் ஊர்ப்பெயர் இருந்ததால் கிடைத்தது.

தட்டே இல்லாத பாட்டு

இப்போது மில் தொழிலாளத் தோழர்களுக்கு, குறிப்பாகத் தாய்மார்களுக்கு ஒரு விஷயம்.

வட கரோலினா மாகாணத்தில் கஸ்டோனியா என்று பஞ்சாலை நகரம். அங்கே லோரே மில்லில் 1929 ஏப்ரலில் வேலை நிறுத்தம். காரணம் வேலைப்பளு. அதே ஆள், அதே நேரம், மெஷின் மட்டும் அதிகம் என்றார்கள். கம்யூனிஸ்டுகள் தலைமையில் இருந்த தேசிய ஜவுளித் தொழிலாளர் சங்கம் போராட்டத்தை நடத்தியது.

பக்கத்து ஊரான பெசமர் சிட்டியில் எல்லா மே விக்கின்ஸ் என்ற பெண் நூற்புப் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தார். வயது முப்பதுகூட ஆகவில்லை. வாரம் சுமார் 9 டாலர் கூலி. ஒன்பது குழந்தைகள் பெற்றவர். குழந்தைகளுக்குக் கக்குவான் இருமல் கண்டபோது, இரவு ஷிப்டை மாற்றிப் பகல் ஷிப்ட் கொடுங்கள் என்று கேட்டார். மறுத்துவிட்டார்கள். நான்கு குழந்தைகளைப் பறிகொடுத்தார்.

அவர் சங்கத்தில் சேர்ந்தார். கூட்டங்களில் பேசினார், அதைவிடப் பாடினார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த மெட்டு, புதிய வார்த்தைகள். விடியுமுன் குழந்தைகளை விட்டு மில்லுக்குப் போகும் தாயைப் பற்றி அவர் கட்டிய பாட்டுதான் எல்லோருக்கும் பிடித்தது. கறுப்புத் தொழிலாளர்களையும் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்று அவர் வேலை செய்தார். முதலாளிகளால் இதைப் பொறுக்க முடியுமா? 1929 செப்டம்பர் 14-ந் தேதி, சங்கக் கூட்டத்துக்கு லாரியில் போய்க்கொண்டிருந்தபோது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 1930-ல் விடுதலையானார்கள். அடக்கத்தின்போது அவருடைய பாட்டையே பாடினார்கள்.

அவர் குரலைப் பதிவு செய்த தட்டு ஒன்றுகூட இல்லை. எந்தக் கம்பெனி பதிவு செய்யும்? ஆனால் பாட்டு சாகவில்லை. மார்கரெட் லார்கின் என்ற எழுத்தாளர் அந்தப் பாட்டுகளைச் சேகரித்து, அந்த ஆண்டே பத்திரிகைகளில் எழுதினார். தாமே பாடியும் காட்டினார். 1956-ல் பீட் சீகர், 'அமெரிக்கத் தொழில் பாடல்கள்' என்ற ஃபோக்வேஸ் தட்டில் அந்தத் தாயின் பாட்டைப் பாடினார். நான் முன்பு சொன்ன செருப்புத் தொழிலாளியின் பாட்டும் அதே தட்டில் இருக்கிறது. பஞ்சுக்கு விலை இல்லாமல், இறைச்சி மட்டும் யானை விலை விற்கும் கொடுமையைச் சொல்லும் விவசாயியின் பாட்டும் இருக்கிறது. 1992-ல் அந்தத் தட்டு மறுபடி வெளிவந்தது.

ஒருவர் பாட்டை இன்னொருவர் பாடினால், "அசல் மாதிரி வருமா?" என்று கேட்கிறோம். நியாயமான கேள்விதான். ஆனால் எல்லா மேயின் விஷயத்தில் அசல் எங்கே? சுட்டுக் கொன்று புதைத்துவிட்டார்கள். அடுத்தவர் எடுத்துப் பாடியதால்தான் இன்று நாம் அந்தத் தாயின் பேச்சைக் கேட்கிறோம். சில சமயம் எடுத்துப் பாடுவது அலங்காரம் அல்ல, கடமை.

பத்து ஷில்லிங்

எடுத்துப் பாடுவதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் சாலமன் லிண்டா என்று ஒரு ஜூலு தொழிலாளி. கிராமத்திலிருந்து பிழைப்புக்காக ஜோகன்னஸ்பர்க் வந்தவர். 1939-ல் தம் குழுவோடு 'எம்பூபே' என்ற பாட்டைப் பதிவு செய்தார். அந்தச் சொல்லுக்குச் சிங்கம் என்று பொருள். ஆப்பிரிக்காவில் அது லட்சம் தட்டு விற்றது. லிண்டாவுக்கு என்ன கிடைத்தது? உரிமையைப் பத்து ஷில்லிங்குக்கு வாங்கிக்கொண்டார்கள். அந்த இசைத்தட்டுக் கம்பெனியின் கிடங்கிலேயே தட்டுகளைக் கட்டும் கூலி வேலையும் கொடுத்தார்கள்.

அந்தத் தட்டு அமெரிக்காவுக்குப் போயிற்று. ஆலன் லோமாக்ஸ் என்ற சேகரிப்பாளர் அதைப் பீட் சீகரிடம் கொடுத்தார். சீகரின் குழு பாடியது. சொல் காதில் சரியாக விழாததால் 'விமோவே' என்று பாடினார்கள். பெரிய வெற்றி. 1961-ல் டோக்கன்ஸ் என்ற குழு ஆங்கில வார்த்தைகளைச் சேர்த்துப் பாடியது. அமெரிக்காவிலேயே முதல் இடம். பிறகு உலகம் முழுவதும் எத்தனையோ பேர் பாடினார்கள். 1994-ல் சினிமாவிலும் வந்தது. லிண்டா 1962-லேயே வறுமையில் இறந்துவிட்டார். பல வருஷங்கள் அவர் கல்லறைக்கு ஒரு கல்கூட இல்லை. சீகர் தம் பங்குக்கு ஆயிரம் டாலர் அனுப்பச் செய்தார். ஆனால் பதிப்பகங்களின் கணக்கில் லிண்டாவின் பெயர் அவருக்குரிய இடத்தில் இல்லை. மகள்கள் வழக்காடி, 2006-ல்தான் ஒப்பந்தம் ஏற்பட்டது.

நல்ல மனிதர்களின் கையிலும் பாட்டின் பெயர் தொலையலாம் என்பதற்கு இது சாட்சி. ஃபோக்வேஸ் கம்பெனியும் விதிவிலக்கல்ல. மோசஸ் ஆஷ் எந்தத் தட்டையும் பட்டியலிலிருந்து நீக்க மாட்டார். அகராதியில் ஓர் எழுத்து அதிகம் வராது என்பதற்காக அதை எடுத்துவிடுவார்களா என்று கேட்பார். அவர் 1986-ல் இறக்கும்போது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தட்டுகள் இருந்தன. எல்லாம் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 1987-ல் அவை ஸ்மித்சோனியன் என்ற பொது நிறுவனத்திடம் சேர்ந்தன. மகத்தான வேலை. ஆனால் பாடியவர்களுக்குப் பணம் ஒழுங்காகப் போகவில்லை என்ற குறை பலருக்கு இருந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

வேறு வழி உண்டா? உண்டு. நாம் வெல்வோம் என்று முழங்கும் பாட்டை அறிவீர்கள். நம் நாட்டிலும் பல மொழிகளில் பாடுகிறார்கள். கறுப்பர்களின் பழைய கோயில் பாட்டிலிருந்து வந்தது. 1945-46-ல் சார்ல்ஸ்டன் நகரத்துச் சுருட்டு ஆலை வேலை நிறுத்தத்தில் பெண் தொழிலாளர்கள் மறியலில் நின்று பாடினார்கள். அங்கிருந்து ஹைலாண்டர் என்ற தொழிலாளர் பள்ளிக்குப் போயிற்று. 1960-க்குப் பின் கறுப்பர் உரிமைப் போராட்டம் முழுவதும் அதைப் பாடிற்று. அதன் உரிமைத் தொகை தென் மாகாணக் கறுப்பர்களின் பணிகளுக்கான ஒரு நிதிக்குப் போகும்படி ஏற்பாடு செய்தார்கள். 2018-ல் ஒரு வழக்கின் முடிவில் அது எல்லோருக்கும் பொதுச் சொத்தாயிற்று. பாடியவர் தொழிலாளி, பணம் போனது பொதுக் காரியத்துக்கு, கடைசியில் பாட்டு உலகத்துக்கு. இப்படியும் செய்யலாம்.

நாம் செய்ய வேண்டியது என்ன?

தோழர்களே, இன்று நம் கையில் இருக்கும் கருவி ஹாரி ஸ்மித்திடம் இல்லை. ஒரு விரலால் தொட்டால் பாட்டு நூறு பேருக்குப் போகிறது. ஆனால் போகிற வேகத்தில் பெயர் உதிர்ந்துவிடுகிறது. யார் பாடினார், யார் கட்டினார், எந்த ஊர், எந்த ஆண்டு, ஒன்றும் இல்லை. மொட்டைக் கடிதம் போல மொட்டைப் பாட்டு!

ஆகவே நான்கு வேண்டுகோள்கள்.

முதலாவது, பாட்டை அனுப்பும்போது பாடியவர் பெயரையும் தெரிந்த விவரத்தையும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அந்த ஒரு வரிதான் விலாசம்.

இரண்டாவது, கேட்பதோடு நிற்காதீர்கள், பாடுங்கள். குரல் நன்றாக இல்லையே என்று கூச வேண்டாம். பாடிவிட்டு, இது இன்னாருடைய பாட்டு என்று சொல்லுங்கள்.

மூன்றாவது, நடவு வயலில் பாடிய மூதாட்டிகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். மில் வாசல் கூட்டங்களில் பாடிய பழைய தோழர்கள் இருக்கிறார்கள். எல்லா மேயின் குரல் நமக்குக் கிடைக்காமல் போயிற்று. இவர்களுடைய குரல் போக வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்யுங்கள். பெயரையும் ஊரையும் அவர்கள் வாயாலேயே முதலில் சொல்லச் சொல்லுங்கள்.

நான்காவது, அந்தப் பாட்டால் எப்போதாவது காசு வந்தால், பாடியவரின் வீட்டுக்கு அதில் பங்கு போக வேண்டும். பத்து ஷில்லிங் கணக்கை நாம் எழுதக் கூடாது. உழைத்தவனுக்குக் கூலி வேண்டும் என்று கேட்கிற நாம், பாடியவனுக்கு மட்டும் இல்லை என்று சொல்ல முடியுமா?

இனி நான் பேசியது போதும். ஆளுக்கொரு பாட்டு கொண்டு வந்திருக்கிறீர்கள். பெயரைச் சொல்லுங்கள், ஊரைச் சொல்லுங்கள், பிறகு பாட்டைப் போடுங்கள். கேட்போம்.